கைவிட்ட ராணி வேஷம்

ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டு ரூத் வாசலுக்கு வருவதற்குள் அவளுடைய பெட்டி தெருவில் கிடந்தது. அதன் மேலேயே வயலின் பெட்டி!

"உள்ள கால வைக்காத!" மாமியார் வெள்ளைத்தாய் வாசலை மறித்து நின்றாள். "எம் மவன் கட்டுன தாலிய கழத்திப் போட்டுட்டு ஆட்டம் போட்டவளுக்கு இந்த வீட்டுல என்ன வேல?"

வெள்ளைக்கார மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாத்தனார் மாரிசெல்வி செல்போனை நீட்டினாள். போன தை மாதம் ரூத் லண்டனுக்குப் போய் நடித்த படம் நேற்றுத்தான் வெளிவந்திருந்தது. அரண்மனை விருந்து. நடுவில் வேறு யாரோ ஒருத்தி ராணியாக மினுங்கினாள். ரூத் மூலையில் வேலைக்காரி உடையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ராணியா நடிக்கப் போறான்னு நாகலாபுரம் பூரா சொல்லிட்டு வந்தேனே... மூலையில நிக்கா!" என்றாள் வெள்ளைத்தாய். "சரி, அது தொலையட்டும். தாலி எங்கட்டி? கழுத்துல காணலையே! நீ அங்கன கழத்துன வாரத்துலதான எம்புள்ள இங்கன பைக்கோட விழுந்து காலு ஒடிஞ்சு கெடந்தான்!"

கேட்கிறவர்களுக்கே வயிறு எரியும். பதினாறு வயதில் மேடையேறியவள் ரூத். அவள் நடிப்புக்கும் வயலினுக்கும் சீமையில் கூட்டம் கூடிய காலத்தில்தான் செண்பகராஜைக் கட்டிக்கொண்டாள். மாமனார் பரமசிவன் வாதத்தில் விழுந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இந்தக் கரிசல்காட்டுக்கு வந்தாள். மூன்று வருஷமாக அவருக்குக் கஞ்சி ஊட்டியது எந்தக் கை? அதெல்லாம் இவர்கள் கண்ணில் படவில்லை, படத்தில் கழுத்து மட்டும் பட்டுவிட்டது!

காலில் வைத்த கம்பியை எடுக்க செண்பகராஜ் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவளுக்காகப் பேச ஆளில்லை.

"இப்பவே கழத்தி வச்சுட்டுப் போட்டி!" வெள்ளைத்தாய் கையை நீட்டினாள்.

ரூத்துக்கு இந்த ஊரில் கற்ற தமிழெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"அந்தப் படக்காரவியளும் இதத்தான் கேட்டாவ, யத்தே! ராணி சட்டைக்குக் கழுத்து எறக்கம். ரெண்டு மணி நேரம் கழத்தி வையின்னாவ. மாட்டேன்னேன். வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ. கழுத்து மூடுன சட்ட வேலைக்காரிக்குத்தான் இருந்துச்சு... வாங்கி மாட்டிக்கிட்டேன். ராணி வேஷத்துக்கே கழத்தாதவ, இப்பவா கழத்துவேன்? பெட்டிய எடுத்துட்டுப் போறேன். தாலி எங்கூடத்தான் வரும்!"

"பொய்யி!" என்றாள் மாரிசெல்வி.

வெள்ளைத்தாய் போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள். படத்தில் ரூத் வயலினில் தாடையைச் சாய்த்துக் குனிந்தாள். காலருக்கு மேலே, பிடரியில் மஞ்சள் கயிறு ஓர் இழை எட்டிப் பார்த்தது. லண்டனுக்குக் கிளம்பும்போது வெள்ளைத்தாயே மஞ்சள் தேய்த்து மாற்றிவிட்ட புதுக் கயிறு!

"இத... இத ஏன் அப்பவே சொல்லலட்டி?"

"ராணி ராணின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்திய... சங்கடப்படுவியளேன்னுதான்..."

"ஐயோ... என்ன பேச்சு பேசிட்டேன், பாவி!" வெள்ளைத்தாய் தெருவென்றும் பாராமல் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். ரூத்தும் அழுதாள். பெட்டியை மாரிசெல்வி உள்ளே தூக்கிப் போனாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். "மருமவ ராணியா நடிச்சான்னு சொன்னியளே மதினி, எங்க, காட்டுங்க பாப்போம்!"

வெள்ளைத்தாய் போனை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ராணி கெடக்கா, விடுங்க. அந்தா மூலையில நிக்கால்லா, கழுத்த மூடிக்கிட்டு... அவதான் எம் மருமவ!"