பதினேழு கிலோ

ஸ்டேஷனுக்கு மேலேயே முப்பது மாடி கட்டிவிட்டார்கள். கீழே ரயில், நடுவில் கடைகள், அதற்கு மேல் வீடுகள். லிஃப்ட் மெக்கானிக் கருவிப்பையோடு வந்தபோது மதியம் இரண்டு மணி. மூன்றாம் எண் லிஃப்ட் திறந்தே நின்றது.

“காலி லிஃப்ட்டுண்ணே. ஆனா பதினேழு கிலோ காட்டுது,” என்றார் வாட்ச்மேன். “ஏறவே பயப்படுறாங்க.”

“சென்சார் கோளாறு. பத்து நிமிஷ வேலை.”

மெக்கானிக்கின் வாய்தான் சொன்னது. இந்த இடத்தில்தான் அவருடைய வீடு இருந்தது. ஸ்டேஷனைச் சுற்றியிருந்த தெருக்களை இடிக்க எடுத்தபோது, மகள் காய்ச்சலில் போய்ப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளை தேடி வந்தால் எங்கே போகும் என்று பாவி மனுஷனுக்கு அப்போது தோன்றவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது அவள் பதினேழு கிலோ.

வாசலில் மண்டியிட்டுக் கருவியை இணைத்தார். தலையை உள்ளே நீட்டினார். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தடி வாசனை.

“கண்ணு...”

எண் மட்டும் பதினேழுக்கும் பதினேழரைக்கும் இடையே ஆடியது.

கால் மாற்றி நிற்கிறாள்.

போன் அடித்தது. சூப்பர்வைசர். “இன்னுமா முடியல? பூஜ்யத்துல செட் பண்ணுங்க. இன்னிக்குச் சரியாகலேன்னா நாளைக்கு லிஃப்ட் கூண்டையே கழட்டிடுவாங்க.”

இன்னொரு முறை அவளை வீடில்லாதவளாக்க அவரால் முடியாது. பட்டனை அழுத்தினார். உள்ளே இருக்கிற எடையைப் பூஜ்யமென்று எடுத்துக்கொள்ளும் பட்டன் அது.

பூஜ்யம்.

சில்லென்று ஏதோ அவர் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

மைனஸ் பதினேழு.

அப்பாவே தன்னை இல்லாமலாக்கிவிட்டார் என்று நினைத்துவிட்டாள்.

“போகாதம்மா,” என்று கிசுகிசுத்தார். “உன்னைத் துரத்தலடி. நீ இங்கயே இருக்கணும்னுதான் அப்பா இப்படிப் பண்ணேன்.”

கீழே ஒரு ரயில் வந்தது. போனது.

மைனஸ் எட்டு.

ஒரு கால் உள்ளே.

பூஜ்யம்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “அட, சரியாயிடுச்சே! உள்ள இப்ப ஒண்ணுமில்லதானேண்ணே?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அவர்.

கருவியைக் கழற்றினார். கதவு மூடப் போனது. பாதியில் எதுவோ தடுத்து, மறுபடி திறந்தது. மறுபடி மூடப் போனது. மறுபடி திறந்தது.

அவர் ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.