நேராக வரச் சொன்ன குரல்

மதியச் சாப்பாடு முடிந்து கடற்கரையே கண் சொக்கிக் கிடந்த நேரத்தில் அவள் கண்காணிப்புக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். குளிப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்வது அவள் வேலை. ஊர் வைத்த பெயர் மைக்கம்மா. ஓராண்டு கழித்துத் திரும்பி வருகிறாள். கொட்டகை இருந்த இருப்பைச் சொல்ல வேண்டுமே! தாழ்ப்பாளைத் தொட்டால் பாதித் தாழ்ப்பாள் கையோடு வந்தது. ஈரக் கயிறும் துருவும் அழுகிய பாசியும் கலந்து அடித்த நாற்றத்தில் ஈக்களே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிநடப்புச் செய்திருந்தன.

"அண்ணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. டிக்கெட் கவுண்டர்ல இடம் இருக்கு," என்றான் மச்சினன். அவள் கணவனின் தம்பி, உயிர்காப்பு நீச்சல்காரன். இந்த மைக் முன்னால் யாரும் தாக்குப்பிடிக்கவில்லை என்று மென்று விழுங்கிச் சொன்னான். கடைசியாக இருந்தவன் செருப்பையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஓடினானாம்.

"அப்படி என்னத்தைக் கேட்டாங்களாம்?"

அவன் கடலைப் பார்த்தான். "உங்க குரலை."

அவள் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தாள். மகள் சித்தப்பனிடம் உயிர்காப்புப் பயிற்சி எடுக்கிறாள். இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தனியே கடலில் இறங்குகிறாள். அப்பன் போன நாளிலிருந்து அம்மாவோடு பேச்சே கிடையாது. பேசாவிட்டால் போகட்டும், அவள் தண்ணீரில் இருக்கும்போது மைக்கில் வேறொருத்தர் இருக்கக் கூடாது.

கணவன் போன கதை ஊருக்கே தெரியும். இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் இஸ்திரி போட்டதுபோல மழமழவென்று கிடந்தது. அலை இல்லாத இடம்தான் பத்திரம் என்று அங்கே இறங்கினான். கண் மூடித் திறப்பதற்குள் அவன் தலை கடலுக்குள் ஒரு புள்ளியாகிவிட்டது. அவள் மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினாள். நேரா வாங்க, நேரா கரைக்கு வாங்க. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன ஒரு சொல்லைக்கூடக் காதில் வாங்காத மனிதன் அன்றைக்கு மட்டும் சொன்னபடி கேட்டான். அவளையே பார்த்துக்கொண்டு, கை ஓயும்வரை, நேராக நீந்தினான்.

கடல் விழுங்கிவிட்டது என்று உறவுக்காரர்கள் அழுதார்கள். ராட்சத அலை இழுத்துப் போனது என்று பத்திரிகை எழுதியது. காலைப் பிடித்து அடியில் இழுக்கும் சுழல் என்றார் தேநீர்க் கடைக்காரர். அதன் பல்லைக்கூட அவர் பார்த்திருக்கிறாராம். எல்லாப் பேச்சும் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, ஊர்க்காரர்களுக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் வாயைத் திறக்கும்வரை.

"கடல் யாரையும் கீழே இழுக்கறதில்லைங்க. அலை கொண்டுவந்து கொட்டின தண்ணி திரும்பிப் போற வழி அது. ஒடுக்கமா, ஆறு மாதிரி வெளியே ஓடும். மிதந்துக்கிட்டே பக்கவாட்டுல நீந்தினா தப்பிச்சுடலாம். அதை எதிர்த்து நேரா நீந்தறவங்கதான் களைச்சு முங்கிப்போறாங்க."

முன்வரிசையில் இருந்த மகள் திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, அவளைக் கடலே விழுங்கியிருக்கலாம்.

மகள் இப்போது கடலில் இருந்தாள். மச்சினன் கரையின் மறுகோடியில், தண்ணீர் குடித்துவிட்ட எவனையோ தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான். காற்று நின்றது. கொட்டகைக்குள் பாசி நாற்றம் திடீரென்று கூடியது. அவள் எழுந்து நின்று பார்த்தாள்.

அந்த மழமழத் துண்டு இடம் மாறியிருந்தது.

மகளின் தலை அதன் நடுவே இருந்தது. சிறுத்துக்கொண்டே போனது.

அவள் மைக் சுவிட்சைப் போட்டாள். பக்கவாட்டுல நீந்து, நேரா வராதே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

வெளியே வந்தது அவள் குரல்தான். அவள் சொன்ன சொல் இல்லை.

"நேரா வாங்க... நேரா கரைக்கு வாங்க..."

அவள் வாயை மூடினாள். குரல் மூடவில்லை. சுவிட்சை அணைத்தாள். வயரைப் பிடுங்கினாள்.

"விட்டுடாதீங்க... நேரா வாங்க..."

மகள் திரும்பினாள். கரையைப் பார்த்து நேராகக் கை போடத் தொடங்கினாள். பயத்தில் படித்த பாடமெல்லாம் பறந்துவிடும். அம்மா குரல் பறக்காது, பேச்சில்லாத அம்மாவானாலும்.

இனி வாயை நம்பிப் பயனில்லை. மூலையில் கிடந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு அவள் வெளியே பாய்ந்தாள். கடலை நோக்கி அல்ல, கரையோரமாக, பக்கவாட்டில். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் அந்தப் பருத்த உடம்பு பறந்த பறப்பில் நண்டுகள் வளையை மறந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. தலைக்குமேல் கொடி படபடத்தது. பாருடி, என்னைப் பாருடி, அதைக் கேட்காதே என்று மனசுக்குள்ளேயே கத்திக்கொண்டு ஓடினாள்.

மகளின் கை நின்றது. தலை கொடியின் பக்கம் திரும்பியது. பிறகு அந்தத் தலை, கொடி போன திசையிலேயே மெல்ல நகர்ந்தது. வெள்ளையாக உடையும் இடம் வந்ததும் அலைகள் அவளைத் தூக்கி மணலில் வீசின.

வயிற்றிலிருந்த உப்புத் தண்ணீரெல்லாம் வந்த பிறகு மகள் நிமிர்ந்தாள். ஓராண்டில் அவள் பேசிய முதல் பேச்சு இது:

"அப்பாவைக் கொன்னது பத்தலையா உனக்கு?"

கொடி பிடிக்காத அம்மாவின் இன்னொரு கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிடுங்கிய மைக் வயர் அதில் கிடந்தது.

மகள் வயரைப் பார்த்தாள். தூரத்தில் இருந்த கொட்டகையைப் பார்த்தாள். யாருமில்லாத அதன் கூரையிலிருந்து ஒலிபெருக்கி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"கிட்ட வந்துட்டீங்க... நேரா வாங்க..."

மகளின் குளிர்ந்த கை தேடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தது.

அப்போதுதான் அந்தக் குரலுக்கு, அதே ஒலிபெருக்கியில், மூச்சிரைத்தபடி ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

"நேராத்தானே வர்றேன்... இன்னும் எவ்வளவு தூரம்?"