சுழலும் அலமாரியில் புருனோ

சனிக்கிழமை வந்தால் ஒரு பழைய ஊர். மூன்று நண்பர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

நூரியாவுக்குச் சொந்த ஊர் மத்ரீத். இஸ்மினி கிரேக்க நாட்டிலிருந்தும் தாவோர் குரோவேஷியாவிலிருந்தும் அங்கே ஓராண்டு படிக்க வந்தவர்கள். மூவரும் ஒரே வகுப்பு. செகோவியா ஆயிற்று, ஆவிலா ஆயிற்று, இன்று தொலேதோ. அடுத்த மாதம் கிரனாதா. அதோடு பள்ளி முடிந்துவிடும், இருவரும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் கிரனாதா பயணம் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. காரணத்துக்கு வயது நான்கு. பெயர் புருனோ. நூரியாவின் தம்பி. போன முறை ஆவிலாவின் கோட்டைச் சுவர்மேல் அவன் காணாமல் போய், எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டான்.

"இன்னிக்கு இவன் கைய விடாமப் பாத்துக்க. விட்டே, கிரனாதா கிடையாது. சொல்லிட்டேன்," என்றார் கூட வந்திருந்த நூரியாவின் அம்மா. "மசப்பான் வாங்கிட்டு நேரா இங்க வாங்க." சதுக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மசப்பான் என்பது பாதாம் மாவில் செய்யும் இனிப்பு. தொலேதோவுக்குப் போய் அதை வாங்காமல் திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதுவும் கன்னியாஸ்திரிகள் மடத்தில் செய்ததாக இருக்க வேண்டும்.

அந்த மடத்துக்குள் வெளியார் போக முடியாது. சுவரில் தாழ்வாக, சுழலும் பெரிய மர அலமாரி ஒன்று உண்டு. மணியை அடித்தால் உள்ளிருந்து குரல் வரும். காசை வைத்தால் அலமாரி சுற்றி உள்ளே போகும். மறுபடி சுற்றினால் இனிப்பு வெளியே வரும். வாங்குபவர் முகம் விற்பவருக்குத் தெரியாது, விற்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது.

தாவோர் மணியை அடித்தான். "என்ன வேணும், கண்ணு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"பைன் கொட்டை ஒட்டினது!" என்றான் தாவோர்.

"ஆவிலாவிலயும் நீ சொன்ன இனிப்புதான் வாங்கினோம். சாதா போதும்," என்றாள் இஸ்மினி.

"ரெண்டுலயும் ஒரு பெட்டி கொடுங்க, சிஸ்டர்," என்று வழக்கைத் தீர்த்துவைத்தாள் நூரியா. பையிலிருந்து பர்ஸை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. எடுத்தாள். அலமாரிக்குள் காசை வைத்துவிட்டு, பர்ஸை மூடினாள். அலமாரி சுற்றியது.

"இன்னிக்கு என்ன இவ்ளோ கனமா இருக்கு?" என்றது குரல்.

நூரியா கீழே பார்த்தாள். தம்பியைக் காணோம்.

உள்ளே ஒரு கூச்சல். "ஐயையோ! சிஸ்டர் ரெமேதியோஸ், ஓடி வாங்க! காசோட ஒரு பையனும் வந்திருக்கான்!"

"சிஸ்டர், அவன் என் தம்பி! தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடுங்க!"

"அனுப்பலாம்னுதான் பாக்கறோம். மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டான். வரவே மாட்டேங்கறான்."

"புருனோ! இப்ப வர்றியா இல்லையா? வா, தோலை உரிச்சிடறேன்!"

"அப்படிக் கூப்பிட்டா எவன் வருவான்?" என்றான் தாவோர்.

"வர மாட்டேன்! அக்கா அடிப்பா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வாயில் ஏதோ இருந்தது போலிருந்தது.

இப்போது வேறொரு குரல், கொஞ்சம் கண்டிப்பான குரல். "ஜெபத்துக்கு மணி அடிக்கப் போறாங்க. பெரிய கதவைத் திறக்கணும்னா மதர்தான் வரணும். நீங்க போய் வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நூரியாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "போச்சு. கிரனாதா போச்சு."

"தீயணைப்பு வண்டியக் கூப்பிடலாமா?" என்றான் தாவோர்.

"நீ சும்மா இருக்கியா?" என்றாள் நூரியா.

இஸ்மினி மட்டும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ரயிலில் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம் என்று அழுத புருனோ, தாவோர் அங்கே உட்காரப் போனதும் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டான்.

அவள் அலமாரிக்குப் பக்கத்தில் போய் உரக்கச் சொன்னாள்: "புருனோ, உன் சுத்து முடிஞ்சுதுல்ல? சிஸ்டர், அலமாரிய இந்தப் பக்கம் திருப்புங்க. இப்ப என் முறை. நான் ஏறப் போறேன்." சொன்னதோடு நிற்காமல், அலமாரி திரும்பியதும் ஒரு காலைத் தூக்கியும் வைத்தாள்.

உள்ளே மேசை தடதடவென்று ஆடியது.

"இல்ல! நீ ஏறாத! நான்தான் போவேன்!"

"அப்ப சீக்கிரம் ஏறு. இல்லேன்னா நான் வந்துடுவேன்."

இஸ்மினி காலை இறக்கிக்கொண்டாள். அலமாரி காலியாக உள்ளே போய், முக்கி முனகித் திரும்பி வந்தது. புருனோ சம்மணம் போட்டபடி வந்து சேர்ந்தான். மடியில் இரண்டு பெட்டி, வாயில் மசப்பான். அதே நேரம் மணி அடித்தது.

அடிக்க ஓங்கிய கையாலேயே நூரியா அவனைக் கட்டிக்கொண்டாள்.

காப்பிக் கடையில் அம்மா கேட்டார், "என்னடா பாத்தே?"

"அலமாரியில ஏறிப் போனேன். உள்ள நிறைய சிஸ்டர்ங்க. ஒருத்தங்க செருப்புல பூனை படம்."

அம்மா சிரித்தார். "வாயத் திறந்தா கதைதான் இவனுக்கு."

தாவோர் தன் காலணியை ஆராய்ந்தான். நூரியா பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"கதை இல்லம்மா, நிஜம். நான் கைய விட்டுட்டேன்." எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அம்மாவின் காப்பி ஆறிப் போயிருந்தது. இஸ்மினி பக்கம் திரும்பினார். "நீ நிஜமாவே காலைத் தூக்கி வச்சியா?"

"வச்சேன், ஆன்ட்டி."

அம்மா உதட்டை இறுக்கிப் பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை. "சரி, போவோம் கிரனாதாவுக்கு. ஆனா அங்க எனக்குக் காப்பிக் கடை கிடையாது. இவன் கை என் கையிலதான்."

"அங்கயும் சுத்தற அலமாரி இருக்குமா?" என்று கேட்டான் புருனோ.

"இருந்தா மொத சுத்து எனக்கு," என்றாள் இஸ்மினி. இந்த முறை அது தந்திரம் இல்லை.