41-ஆம் நம்பர் மருந்து

செல்போன் அலறியது!

லிமுங்கா எடுத்தாள்.

“நான்தான்... புரொபசர் மோலுவா.”

அவள் முகம் இறுகியது.

லுகேமியா... ரத்தப் புற்றுநோய். அந்தச் செல்களைப் பெருக வைக்கும் என்ஸைம் ஒன்றைப் பூட்டிப் போடும் மருந்தை ஆறு வருடம் உழைத்து வடிவமைத்தவள் அவள். நாற்பது தோல்வி. நாற்பத்தொன்றாவது பூட்டியது!

மோலுவா அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி, பூயா நகர ஆய்வுக்கூடத்திலிருந்து போலீஸை வைத்துத் துரத்தினார்.

“எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“எனக்கே லுகேமியா, லிமுங்கா! டாக்டருங்க மாசக்கணக்குல ட்ரீட்மென்ட்டுங்கறாங்க... யாருக்குப் பொறுமை? அலமாரில இருந்த 41-ஐ முழுங்கிட்டேன். எத்தனை நாள்ல கேக்கும்?”



“ஐயோ! எலிக்குக் கொடுத்துப் பாத்த ரிசல்ட்டை நீங்க படிக்கலியா?”

“எ... என்ன ரிசல்ட்?”

“அது என்ஸைமை மட்டும் பூட்டாது சார். இதயத்தையும் சேர்த்துப் பூட்டும்! ரெண்டு மணி நேரம்... அவ்வளவுதான்.”

“கடவுளே! மாத்து மருந்து?”

“இருக்கு. என்கிட்ட.”

இருபதாவது நிமிடம் அவர் அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே, அவள் அழைத்து வந்த இன்ஸ்பெக்டர் எக்கேமா; அன்று அவளைக் கைது செய்த அதே ஆள்.

மோலுவா நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

“ஊசியைப் போடு! நெஞ்சு கன்னாபின்னான்னு அடிக்குது!”

“முதல்ல இவர்கிட்ட சொல்லுங்க. திருடினது யாரு?”

“சாகப் போறேன்டி!”

“அப்பச் சீக்கிரம் சொல்லுங்க. அன்னிக்கு நான் அழுதப்ப நீங்க வாட்ச்சைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. இன்னிக்கு நான் பாக்கறேன்.”

“நான்தான்! 41 அவளோடது! அவ ஆராய்ச்சி நோட்டைத் திருடினதும் நான்... பொய்ப் புகார் கொடுத்ததும் நான்!”

எக்கேமா எழுதி நீட்டினார். மோலுவா கையெழுத்திட்டார்.

“இப்பவாவது போடு ஊசியை!”

“எந்த ஊசி?”

“என்னது...?”

“என்னைத் துரத்தின அன்னிக்கே மருந்தை மாத்திட்டேன் சார். நீங்க முழுங்கினது கப்பக்கிழங்கு மாவு!”

“அ... அப்ப என் நெஞ்சு?”

“பயம்! இதயத்தைப் பூட்டும்னு சொன்னதும் நான் விட்ட கதைதான். நிஜமான 41 பத்திரமா இருக்கு. மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி. நீங்க டாக்டர் சொல்ற ட்ரீட்மென்ட்டை ஒழுங்கா எடுத்துக்குங்க. பிழைக்கணும் சார்... பிழைச்சு கோர்ட் கூண்டுல நிக்கணும்!”



எக்கேமா விலங்கை எடுத்தார். “மேடம்... இவருக்கு லாக்கப்ல மத்தியானம் வழக்கம்போல கப்பக்கிழங்குக் களியும் சுட்ட மீனும் சொல்லட்டுமா?”

“சுட்ட மீன் மட்டும் போதும், இன்ஸ்பெக்டர்... மாவு ஏற்கெனவே உள்ளே போயாச்சு!”