வேப்பிலை சொருகிய வாசல்

காலை பத்தரை மணி டீயில் ராஜா முகமது பாதிதான் குடித்திருந்தார். "சர்க்கரை தூக்கலுங்கம்மா" என்று சிரித்துவிட்டு, அம்மைப்பால் குப்பிகள் இருந்த பிளாஸ்கை எடுக்கத் திரும்பினார். மேஜை காலி.

1963, சித்திரை மாதம். அவர் அம்மை குத்த வந்தவர். இடம், திருப்பூரில் அமராவதி நடத்தி வந்த பனியன் கம்பெனி. அதே காம்பவுண்டுக்குள் பின்னால் வேலையாட்களின் லைன் வீடுகள். பக்கத்துத் தெரு வரை பெரியம்மை வந்துவிட்டது. போன வருஷம் அமராவதியின் மூத்த மகனை வாரிக்கொண்டு போனது அதுதான். மிஞ்சியவள் நான்கு வயது சாரதாமணி. அவளுக்கு இன்னும் குத்தவில்லை.

"ஐஸ் சாயங்காலம் வரைக்குந்தான் தாங்கும்மா. கரைஞ்சா மருந்து வீணு. அடுத்தது எப்ப வருமோ" என்று ராஜா முகமது கையைப் பிசைந்தார்.

கேட்டைத் தாண்டி யாரும் போகவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். அப்படியானால் பிளாஸ்க் உள்ளேதான் இருக்க வேண்டும்.

"போனாப் போகுது அம்மிணி" என்றார் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன். அவர் முகம் நிறைய அம்மைத் தழும்பு. "சின்ன வயசுல எனக்கு ஆத்தா வந்தா. ஊசியா போட்டாங்க? அப்புறம் என்னை எட்டிப் பார்த்தாளா? தானா வந்து போனாத்தான் ஒடம்புக்குக் காப்பு. நானே சாட்சி."

போலீஸ் ஏட்டு ஆறுச்சாமி வந்து வீடு வீடாகத் தேடினார். அமராவதியும் கூடப் போனாள். சென்னியப்பன் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

"பேரனுக்கு முத்து போட்டிருக்குதுங்க" என்றார் மாஸ்டர், தணிந்த குரலில்.

"தாயே!" ஏட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார். சமையல்கட்டில் கடுகு படபடவென்று வெடித்தது. "வாசம் ஆளைத் தூக்குதே" என்றபடி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கடைசி வீடு வரை ஒன்றும் கிடைக்கவில்லை. ஏட்டு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அமராவதி சட்டென்று திரும்பி, சென்னியப்பன் வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"நல்லம்மக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

மாஸ்டரின் மனைவி நல்லம்மாள் கரண்டியோடு வந்தாள். "பருப்புக் கொழம்பு கண்ணு. இப்பத்தான் தாளிச்சு எறக்குனேன்." அவள் பார்வை மேலே போனது. "அய்யோ, நம்மூட்டு வாசல்ல ஆரு வேப்பெலை சொருகுனது?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"ஏட்டய்யா, எம் பையன் வேப்பெலை மேல கெடந்தப்ப எங்கூட்டு அடுப்புல எண்ணெச்சட்டி ஏறலீங்க" என்றாள் அமராவதி. "ஆத்தா வந்த ஊட்டுல ஆரும் தாளிக்க மாட்டாங்க. அக்கா தாளிச்சிருக்காங்க. அப்ப இந்த ஊட்டுல ஆத்தா இல்லை. வேப்பெலை, நீங்க உள்ள வராம இருக்கறதுக்கு. எடுத்தது மாஸ்டருங்க."

பிளாஸ்க் அரிசிப் பானைக்குள் இருந்தது. ராஜா முகமது காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஐஸ் கடகடத்தது. அவருக்கு முகமெல்லாம் பல்.

"திருடி விக்கறதுக்கு இல்லீங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். "பேரன் ஒடம்புல அதை ஏத்தறாங்களேன்னு பயந்துட்டேன். நான் பொழச்ச மாதிரி அவனும் பொழச்சுக்குவான்னு..."

"நீங்க பொழச்சீங்க மாஸ்டர், சாட்சி சொல்றீங்க. எம் பையன் எங்க வந்து சொல்லுவான்?"

நல்லம்மாள் வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கினாள். "பொய் சொல்ல ஆத்தாளா கெடைச்சா உங்களுக்கு?" பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக வந்தாள். "மொதல்ல இவனுக்குக் குத்துங்க பாய்!"

அவள் பின்னால் லைன் வீடுகள் மொத்தமும் வரிசையில் நின்றன. சாரதாமணி ஊரைக் கூட்டி அழுதாள். ஐஸ் கரையும் முன்பே குப்பிகள் காலி. அந்தக் கோடையில் அம்மை தெருத்தெருவாகச் சுற்றியது. லைன் வீடுகளில் ஒரு குழந்தையையும் தொடவில்லை.

அடுத்தடுத்த வருஷங்களில் பேரப்பிள்ளைகளைச் சென்னியப்பனே கைப்பிடித்துக் கூட்டி வந்தார். தன் கையை மட்டும் கடைசிவரை நீட்டவில்லை.