அறுபத்தெட்டு டிகிரி

ஒரு பெண்ணின் தன்மானம் என்ன விலை?

ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. வரி உட்பட. பேரமெல்லாம் பேசி முடித்த பிறகு நின்ற விலை அது... இதற்குமேல் ஒரு காசு குறையாது.

அந்த வியாபாரத்தை ஆரம்பித்து வைத்தது ஒரு மழை.

சொல்லாமல் வந்து நிற்கும் சம்பந்தி மாதிரி, பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கிய மழை. வேலை முடிந்து நடந்துகொண்டிருந்தவள் கைப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி, கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஏறினாள்.

"மேடம்! அப்படியே நில்லுங்க... ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

நின்றாள். நீளமேசைக்குப் பின்னால் ஒருவன். கையில் திருப்புளி, மூக்கின்மேல் கண்ணாடி, அதற்குப் பின்னால் பதறிப்போன இரண்டு கண்கள்.

"கீழ பாருங்க. மதர்போர்டு. உங்க பையிலேர்ந்து தண்ணி சொட்டுது."

"மதர்போர்டைத் தரையில பரப்பினது நீங்க. மழை பெய்யறது என் தப்பா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "டேய், அவ கேக்கறது நியாயம்தானே?" என்றாள். கடை அவளுடையது. திருப்புளிக்காரன் அவள் மகன். அந்தத் தெருவில் அவனுக்குப் பெயரே 'திருப்புளி' என்றாகி வெகு நாளாயிற்று.

"சரி... என்ன வேணும்? மௌஸா, கீபோர்டா?"

மழை ஓய்ந்ததும் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். அந்தக் கேள்வி அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

"கேமிங் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பாகமா நானே பொறுக்கப்போறேன்."

"தம்பிக்கா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

அம்மாள் சிரித்துவிட்டாள். திருப்புளியின் காது சிவந்தது. "பட்ஜெட்?" என்றான், தோற்றவன் கேட்கும் குரலில்.

"அறுபதாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட வராது, கேக்காதீங்க."

பதினான்கு மாதச் சேமிப்பு அது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அரைப்பவள். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அரைப்பாள். அதனால் அங்கே அவளை 'மில்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தபின் மில்லிக்கு இன்னொரு பிழைப்பு இருந்தது. நான்கு பெண்கள் சேர்ந்த ஓர் அணி, திரையில் ஆடும் போர் விளையாட்டு, அதில் குறி பார்த்துச் சுடுகிறவள் இவள். மாத இறுதி ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. ஜெயித்தால் பெரிய போட்டிக்கு இடம். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில், எதிரி சுட்டு முடித்துப் போய்விட்ட பிறகுதான் எதிரி தெரிவான்.

"நீயே பொறுக்கப்போறியா? ரெண்டே நாள்ல புகை வரும், பாரு," என்று அண்ணன் சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை வந்தாள். விலை கேட்டாள், எழுதிக்கொண்டாள், போனாள். திருப்புளி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தான்.

"இந்தக் கேபினட்டைப் பாருங்க... கண்ணாடிக் கதவு, உள்ள ஏழு கலர்ல விளக்கு எரியும்."

"விளக்கு எரிஞ்சா விளையாட்டு வேகமா ஓடுமா?"

"ஓடாது. ஆனா பாக்க..."

"பாக்கறதுக்கு நான் இருக்கேன். காத்து போக வழி இருக்கற சாதாரணப் பெட்டி குடுங்க."

கையிலிருந்ததில் கிட்டத்தட்ட பாதியை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கினாள். பெட்டியில் மிச்சம் பிடித்தாள். பவர் சப்ளையில் மட்டும் நல்ல கம்பெனிதான் வேண்டும் என்று நின்றாள். "செருப்புலயும் பவர் சப்ளையிலயும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுங்க. ரெண்டும் எல்லாத்தையும் தாங்கறது." கல்லாவில் அம்மாள் இதை மனசுக்குள் குறித்துக்கொண்டாள். இப்படிப் பேரம் பேசுகிற பெண்ணை அவள் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள்.

சண்டை வந்தது கூலரில். ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளும் உலோகக் கட்டி, கூட ஒரு விசிறி. அவ்வளவுதான் கூலர். அவள் எடுத்தது ஆயிரத்து அறுநூறு.

"இது வேணாங்க. பேரே கேள்விப்படாத கம்பெனி. இதை எடுங்க, நாலாயிரம்."

"நாலாயிரம் காத்துக்கா, பேருக்கா?" என்றாள் மில்லி. "எடை பாத்துட்டேன், சூட்டைக் கடத்தற குழாய் எண்ணிட்டேன், விசிறி வேகம் பாத்துட்டேன். ரெண்டும் ஒரே சரக்கு."

"சூடு ஏறினா என்கிட்ட வராதீங்க."

"என் தேர்வுல தப்புன்னா நானே ஒத்துக்கறேன். உங்க வேலையில தப்புன்னா?"

"என் வேலையிலயா?" திருப்புளி நிமிர்ந்தான். "பதினோரு வருஷம். என் கையால பொருத்தின பெட்டி ஒண்ணுகூட இந்தப் படியேறித் திரும்பி வந்ததில்ல."

இரண்டு தலைக்கனங்களும் எதிரெதிரே நின்றன. நடுவில் ஒரு மேசை அகலம்தான்.

கடையிலேயே பொருத்தினால்தான் உத்தரவாதம் என்பது அந்தக் கடைச் சட்டம். பொருத்துகூலி ஆயிரத்து ஐந்நூறு. மில்லி முழுப்பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு, மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் ப்ராசஸரை அதன் இடத்தில் உட்கார வைத்தான். அதன்மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்தான். கூலரைக் கையில் எடுத்தான்.

"ஒரு நிமிஷம்," என்றாள். "உங்க கண்ணாடி இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. வந்த நாள்லேர்ந்து என் கண்ணை உறுத்துது. குடுங்க."

அவன் மறுப்பதற்குள் அது அவள் கையில் இருந்தது. விரலால் கம்பியை வளைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபடி வளைத்தாள்... பிறகு தானே அவன் முகத்தில் மாட்டினாள். காதோரம் விரல் பட்டது. பட்டதா, படவில்லையா... யாருக்குத் தெரியும்?

உலகம் நேரானது. அந்த நேரான உலகத்தின் நடுவில் இரண்டு கண்கள். மழைக்குப் பின் தெருவிளக்கை வாங்கி வைத்துக்கொள்ளும் ஈரச் சாலை மாதிரி கறுத்து மினுங்கும் கண்கள். 'இத்தனை நாள் சாய்வாகவா இவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?' என்று நினைத்தான் திருப்புளி. நினைத்துக்கொண்டே கூலரை வைத்தான். நான்கு திருகையும் முடுக்கினான். ஸ்விட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

"பதினோரு நிமிஷம் ஓடுது. அப்புறம் பட்டுனு அணைஞ்சிடுது. பயிற்சியில மூணு தடவை என் டீமைப் பாதியில விட்டுட்டேன். இன்னொரு தடவை விழுந்தா ஞாயித்துக்கிழமை என் இடத்துல வேற ஒருத்தி. திறந்து பாருங்க."

கடை நிறைய ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் முதன்முறையாக ஒரு பெட்டி படியேறித் திரும்பி வந்திருந்தது. திருப்புளிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. திறக்காமலே சொன்னான்.

"நான் அன்னிக்கே சொன்னேன். மலிவுன்னு பேர் தெரியாத கூலரை எடுத்தா இப்படித்தான். தெரியாத விஷயத்துல கடைக்காரன் பேச்சைக் கேக்கணும்."

யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பே மாதிரி இருந்தது.

அவள் கண் நிறைந்தது... ஆனால் வழியவில்லை. வழிய விடுவாளா? "என் தேர்வு தப்புன்னு நிரூபிச்சுட்டுச் சொல்லுங்க," என்றாள். "சனிக்கிழமை காலையில வர்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம். தெருவில் ஆளைக் காணோம், மழை மட்டும் போய்க்கொண்டிருந்தது. திருப்புளி நான்கு திருகையும் கழற்றிக் கூலரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கூலரின் அடியில், கீறல் விழாமலிருக்க கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்டியபடியே இருந்தது. பொருத்துவதற்குமுன் அதை உரிக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்கும் பாடம். சூடு மேலே ஏற முடியாமல் தாளுக்குக் கீழேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

அம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். வியாபாரிக்கு விளக்கம் தேவையில்லை.

"யாரும் பாக்கல. உரிச்சுப் போடு. அந்த நாலாயிரம் ரூபாய்க் கூலரை வெச்சு, மாத்திட்டேன்னு சொல்லு. காசு வேணாம்னு சொல்லு. அவளுக்கும் சந்தோஷம், நம்ம பேரும் நிக்கும்."

"நம்ம பேர் நிக்கும்மா. அவ பேர்?"

"என்னடா சொல்றே?"

"பொறுக்கத் தெரியாம பொறுக்கினான்னு பத்துப் பேர் நடுவுல சொல்லிட்டேன். அவ பொறுக்கினதுல ஒரு தப்பும் இல்ல."

"கடை நடுவுல நின்னு தப்பு என்னோடதுன்னா, நாளைக்கு ஊர்ல இருக்கற பழுதெல்லாம் நம்ம தலைமேல வந்து விழும். முப்பது வருஷமா கட்டின பேர்டா இது!"

அவன் அந்தத் தாளை உரித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். வாங்க வந்தவன் இனி ஒரு காசு ஏறமாட்டான் என்கிற முகம்.

சனிக்கிழமை கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. குடையை மடக்கிக்கொண்டு மில்லி உள்ளே வந்தாள். திருப்புளி மேசைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தான். மேசை இல்லாமல் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு விரலுக்கு நடுவில் ஏதோ ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். சாமர்த்தியக்காரன் பேச்சு எதுவும் வரவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இது கூலருக்கு அடியில இருந்த தாள். நான் உரிக்கணும். உரிக்கல. இவங்க எடுத்த கூலர் நல்ல கூலர். இவங்க லிஸ்ட்ல ஒரு பாகம்கூடத் தப்பில்ல. தப்பு என்னோடது. வியாழக்கிழமை திறந்துகூடப் பாக்காம பேசினேன்... அதுவும் என்னோடதுதான்."

 அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை வழியாத கண், இன்றைக்குப் பார்த்து, கேட்காமலே வழிந்தது.

ஒரு வாடிக்கையாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா திருப்புளி, பதினோரு வருஷம் மறக்காதவன் அன்னிக்கு மட்டும் எப்படி மறந்தே?"

"அன்னிக்கு..." அவன் தரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். வேறு இடம் கிடைக்காமல் கடைசியில் அவளையே பார்த்தான். "அன்னிக்குத்தான் இவங்களை நேராப் பாத்தேன். அப்புறம் கை எதைச் செஞ்சதுன்னு எனக்கே தெரியலைங்க. இப்பவும்... அப்படித்தான் இருக்கு."

விசில் சத்தம். "டேய்!" என்றாள் அம்மாள், யாரை அதட்டுகிறோம் என்றே தெரியாமல்.

மில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினான். அவளே விளையாட்டைத் திறந்து நின்றபடியே ஆடினாள். பதினோராவது நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பன்னிரண்டு... இருபது... நாற்பது. திரையின் மூலையில் ப்ராசஸரின் சூடு அறுபத்தெட்டு டிகிரியில் வந்து நின்றது. அதற்குமேல் ஏற மாட்டேன் என்றது. ஆயிரத்து அறுநூறு ரூபாய்க் கூலர்! கூட்டத்தில் ஒருவர் அம்மாளிடம் குனிந்து, "அந்தப் பொண்ணு எழுதின லிஸ்ட் அப்படியே எனக்கும் ஒண்ணு போடுங்க," என்றார். "எனக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொன்று வாசலிலிருந்து.

மில்லியின் கழுத்து நிமிர்ந்த நிமிர்வைப் பார்க்க அந்த அண்ணன் அங்கே இருந்திருக்க வேண்டும்!

"பொருத்துகூலி ஆயிரத்து ஐந்நூறைத் திருப்பிக் குடுங்க," என்றாள் அம்மாளிடம். "தப்பாச் செஞ்ச வேலைக்குக் கூலி கிடையாது."

"ஆயிரம்."

"ஆயிரத்து ஐந்நூறு."

"...நீ எந்த வியாபாரி வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டே முழுசாக எண்ணிக் கொடுத்தாள். பிறகு நோட்டைத் திருப்பி அன்றைய கணக்கை எழுதினாள். திரும்பக் கொடுத்த கூலி, ஆயிரத்து ஐந்நூறு. அதே பட்டியலுக்கு வந்த ஆர்டர், மூன்று. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, வேண்டுமென்றே பெரிதாக, 'மகன் சொன்னதற்குப் பதில் ஒன்று: பாக்கி' என்று எழுதி, நோட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மில்லி படித்தாள். காதுவரை சிவந்தாள். திருப்புளி இரண்டடி தள்ளி, எதையோ முடுக்குகிற பாவனையில், திருகே இல்லாத இடத்தில் திருப்புளியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிக் கம்பியை நேராக்க எனக்கு ரெண்டு செகண்டு போதும்," என்றாள், நோட்டைப் பார்த்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அன்னிக்கு ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான்... உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

திருப்புளி கை நழுவிக் கீழே விழுந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். "எனக்குக் கடன் வெக்கிற பழக்கமில்லைங்கம்மா," என்று சொல்லி, 'பாக்கி' என்ற சொல்லின்மேல் அளந்து வைத்தாற்போல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்.

தீர்ந்தது.