பொட்டு வைத்த பெட்டி

"தீர்க்க முடியாத மர்மம்னு உலகத்துல ஒண்ணுமே கெடையாது மாப்ள. யோசிக்கிறதுக்குப் பதிலாப் பொட்டு வைக்கிற ஆளுகதான் உண்டு."

விஜயதசமியன்று மாலை மூன்றே முக்காலுக்கு, அலங்காநல்லூர் டீக்கடை ஒன்றில் கருத்தக்கண்ணன் இப்படி அறிவித்தான். அவனோடு கணினிப் படிப்பில் கடைசி வருடம் படிக்கும் அருள்பாண்டி அதை நோட்டில் குறித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து அதுவரை தீர்த்த வழக்குகள் மூன்று. மூன்றிலும் தொலைந்தது அருள்பாண்டியின் செருப்பு.

நான்காவது வழக்கு ஓடி வந்தது. எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெயக்கொடி, நேராகக் கருத்தக்கண்ணனிடம் வந்தாள்.

"தம்பி, பொங்கலுக்கு நீ சரிபண்ணிக் குடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில நெட் வரலடா! ஊருக்கெல்லாம் அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், என்னோடத விட்டுட்டேன். அஞ்சு மணியோட முடியுது. அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்."

மற்ற கடைகள் பூட்டிக் கிடந்தன. மதுரை பஸ் பிடித்தால் வழியிலேயே ஐந்தாகிவிடும். செல்போன் சிக்னலோ அன்று பேசுவதற்கே தட்டுத் தடுமாறியது.

கடைக்குள் ஜெயக்கொடியின் தம்பி தங்கப்பாண்டி குற்றவாளியின் முகத்தோடு நின்றான். பெட்டியின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இவன்தான் ஈரத்துணியால தொடச்சான்" என்றாள் அக்கா.

"வழக்கு முடிஞ்சது! தண்ணி உள்ள போயிருச்சு!" என்றான் அருள்பாண்டி.

கருத்தக்கண்ணன் கைக்குட்டையால் பொட்டை அழித்தான். "மொதல்ல மூடநம்பிக்கை வெளிய போகட்டும்." பிறகு பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு மினுங்கியது. திரையில் நாலு வரி தட்டினான்.

"நெட் கார்டு உசுரோட இருக்கு. பெட்டிக்கும் அது கண்ணுல படுது. ஆனா அதை ஓட்டுற டிரைவர் புரோகிராம் மட்டும் இல்ல. தங்கப்பாண்டி நிரபராதி. அக்கா, இதைக் கடைசியா எப்ப அணைச்சீங்க?"

"இன்வெர்ட்டர் இருக்குல்ல, அணைக்கவே மாட்டேன். நேத்து ஆயுத பூசை. ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும்ல? பொங்கலுக்கப்புறம் நேத்துதான் அணைச்சேன்."

"அதான்! பெட்டி தானாப் புதுக் கெர்னலை, அதாவது லினக்ஸோட மூளையை, எறக்கி வச்சுக்கிட்டு, நீங்க அணைக்கிற நாளுக்காக மாசக்கணக்காக் காத்திருந்திருக்கு. இன்னைக்கு எந்திரிச்சது புதுசுல. டிரைவரைக் கட்டி வச்சது பழசுல. வீடு மாறிட்டீங்க, சாவி பழைய வீட்டு ஆணியிலயே தொங்குது."

அருள்பாண்டி பேனாவை உயர்த்தினான். "அப்ப பழைய கெர்னலுக்கு மட்டும் டிரைவரைக் கட்டிட்டுப் போன அந்த மடையன் யாரு?"

ஜெயக்கொடியின் கண் கருத்தக்கண்ணன் மேல் திரும்பியது. மின்விசிறி சுற்றியது.

"நீதானடா தம்பி" என்றாள் ஜெயக்கொடி. "இனி நூறு வருசத்துக்குத் தொட வேண்டாம்னியே."

"அதை எழுதாத மாப்ள" என்றான் கருத்தக்கண்ணன். அருள்பாண்டி எழுதி முடித்திருந்தான்.

கருத்தக்கண்ணன் பெட்டியை அணைத்துப் போட்டு, தொடக்கத்தில் வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தான். இப்போதைக்கு இது போதும். புதியதற்கு நாளை வந்து கட்டித் தருவதாக, யாரும் கேட்காமலேயே, கூலியில்லாமல் ஒப்புக்கொண்டான். எழுந்திருக்க அந்தப் பெட்டி தன் வழக்கப்படி அரை மணி எடுத்துக்கொண்டது. நெட் வந்தது.

ஜெயக்கொடி விண்ணப்பத்தை நிரப்பி, நான்கு ஐம்பத்தாறுக்குக் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. ஐம்பத்தேழு. சுற்றியது. ஐம்பத்தெட்டு.

"டேய், உன் அறிவை வச்சு என்னமாச்சும் பண்ணுடா!"

"சர்வர்ல கூட்டம்க்கா. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

எல்லார் கண்களும் வட்டத்திலேயே இருந்தன. அருள்பாண்டியின் கண் மட்டும் தற்செயலாகக் கீழே போனது. மேசை மேலிருந்த குங்குமக் கிண்ணத்தை நோக்கி, திரையில் நாலு வரி தட்டிய அதே விரல், ஓசையில்லாமல், நகர்ந்துகொண்டிருந்தது.

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்க விண்ணப்ப எண் வந்தது. ஜெயக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியின் நெற்றியில் பொட்டு பழைய இடத்திலேயே இருந்தது. முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக.